பூச்சு வேலை பழகுகிறவர்களுக்கு: கலவை முதல் தண்ணீர் கட்டுவது வரை முழு வழிகாட்டி

பூச்சு வேலை பழக வருகிறவர்கள் முதல் நாளே மணியாஸ் கட்டையைக் கேட்கிறார்கள். சுவர் வழவழப்பாவது அந்தக் கட்டை தேய்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் ஆசை வருவது இயல்பு. ஆனால் பூச்சில் வரும் வெடிப்பு, பொக்கு (பூச்சு சுவரோடு ஒட்டாமல் உள்ளே வெற்றாக நிற்பது), வளைவு ஆகியவற்றில் பெரும்பாலானவை கட்டை சுவரைத் தொடுவதற்கு முன்பே உள்ளே விழுந்துவிட்டவை. மணலில் ஒன்று, நனைக்காத கல்லில் ஒன்று, தூக்குப் பார்க்காததில் (செங்குத்து சரிபார்க்காததில்) ஒன்று என்று அவை சேர்கின்றன.

அதனால் சுவரில் வேலை நடக்கும் அதே வரிசையில் பழகுங்கள். ஒரு படி கைக்கு வராமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். சேலம் டவுனின் வெயிலுக்கும் ஏற்காட்டின் பனிக்கும் முறை கொஞ்சம் மாறும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

1. சேரும் முன் தயாராக வேண்டியவை

முறையாகச் சான்றிதழோடு படிக்க நினைப்பவர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பிரிவுகளில் மேசன் (பில்டிங் கன்ஸ்ட்ரக்டர்) என்று ஒரு வருடப் பிரிவு உண்டு. அது எந்த நிலையத்தில் நடக்கிறது என்பதைச் சேர்க்கை விண்ணப்பம் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கொத்தனாரிடம் ஆளாகச் சேர்ந்து பழகுவது இன்னொரு வழி. எந்த வழியில் வந்தாலும் 18 வயது முடிந்ததும் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். 60 வயது வரை பதியலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள், விபத்து நடந்த பிறகுதான் அட்டையைத் தேடுகிறார்கள்.

சொந்தமாக வாங்க வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: பூச்சுக் கரண்டி, மணியாஸ் கட்டை, தூக்குக்குண்டு, ஒரு அடி ரசமட்டம் (கிடைமட்டம் காட்டும் குமிழிக் கருவி), நூல், டேப், பிரஷ். ஆறடி அலுமினிய மட்டப்பலகை, மூலமட்டம் (மூலையின் செங்கோணம் பார்க்கும் கருவி), பாண்டு (கலவை சுமக்கும் தட்டு), சல்லடை எல்லாம் வேலையிடத்தில் இருக்கும். கரண்டியை மட்டும் அடுத்தவரிடம் இரவல் வாங்கிப் பழகாதீர்கள். எடையும் பிடியும் மாறினால் மணிக்கட்டுப் பழக்கம் கலைந்துவிடும்.

ரப்பர் கையுறை, கண்ணாடி, மூடிய காலணி மூன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஈர சிமெண்ட் தோலை அரிக்கும். காலையில் நமநமவென்று இருக்கும் விரலிடுக்கு சாயங்காலம் புண்ணாகி நிற்கும். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் நிறைய நேரம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2. முதல் வாரம்: சலிப்பதும் கலப்பதும்

இந்த வாரம் கரண்டிக்கு வேலை இல்லை. சிமெண்ட் மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விரலால் நசுக்கினால் உடையாத கட்டி இருந்தால் அந்த மூட்டை பூச்சுக்கு ஆகாது. மூட்டையில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு வாரத்தையும் படியுங்கள். மூன்று மாதத்தைத் தாண்டியதைத் தள்ளி வையுங்கள்.

பாறையை உடைத்துச் செய்யும் மணலில், பூச்சுக்கு எம் சாண்ட் வேண்டாம், பி சாண்ட் வாங்க வேண்டும். கட்டு வேலைக்கு வரும் எம் சாண்டில் பருமனான குருணை இருக்கும். மட்டப்பலகை இழுக்கும்போது அந்தக் குருணை மாட்டிக்கொண்டு நீளமாகக் கோடு போடும். பி சாண்ட் 2.36 மி.மீ.க்குள் இருக்கும். ஆற்று மணலோ ஓடை மணலோ வந்தால் சலித்துவிட்டு வண்டல் சோதனை செய்யுங்கள்: கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், முக்கால் வரை தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். மணலுக்கு மேல் படியும் வண்டல், மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டினால் அந்த லோடு வேண்டாம். வண்டல் கூடினால் காயும்போது சுருங்கி முடிவெடிப்பு (முடி போல மெல்லிய வெடிப்பு) வரும்.

அளவை மம்பட்டிக் கணக்கில் போடாதீர்கள். ஒரு மூட்டை 50 கிலோ, கன அளவில் சுமார் 35 லிட்டர். அதே அளவுக்கு ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள்: 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். உள்சுவருக்கு ஒன்றுக்கு ஐந்து என்றால் ஒரு மூட்டைக்கு ஐந்து பெட்டி மணல். சீலிங்குக்கு ஒன்றுக்கு நான்கு. ஈர மணல் உப்பிக்கொண்டு இடத்தை அடைக்கும். மழையில் நனைந்த மணலில் ஐந்து பெட்டி போட்டால் உள்ளே போகும் மணல் நான்கு பெட்டி அளவுதான் இருக்கும். அப்போது சிமெண்ட் விகிதம் கூடிப்போய், கலவை ‘நல்லா இருக்கு’ என்று தோன்றி, பிறகு வெடிக்கும்.

12 மி.மீ. கனத்தில் 100 சதுர அடி பூச, ஒன்றுக்கு ஐந்து கலவையில் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவான சிமெண்டும் ஐந்தரை கன அடி மணலும் போகும். இதைவிட அதிகம் போகிறதென்றால் சுவரில் பள்ளம் இருக்கிறது, அல்லது கலவை தரையில் போகிறது.

முதலில் உலர்வாக மூன்று முறை புரட்டுங்கள், நிறம் ஒரே சீராக வர வேண்டும். பிறகுதான் தண்ணீர். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கலவை வழிந்து ஓடாமல், ஒரே கட்டியாக மெல்ல நழுவி விழ வேண்டும். அதுதான் பதம். கலந்ததை வெயில் காலத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் சுவரில் ஏற்றிவிடுங்கள். சித்தாளிடம் ‘இன்னும் ரெண்டு பாண்டு சேர்த்தே போடுங்க’ என்று சொல்லி ஒரேயடியாகக் கலந்து வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கலவை இறுகத் தொடங்கும். அதில் தண்ணீர் விட்டு இளக்கினால் பார்க்கப் பதமாகத்தான் தெரியும், ஆனால் பிடித்திருந்த பிடிப்பு உடைந்துபோயிருக்கும். பத்து நாள் கழித்து நகத்தால் கீறினால் மணலாக உதிர்கிற சுவர் இப்படித்தான் உருவாகிறது.

3. சுவரைத் தயார் செய்வது

முதலில் வயரிங் பைப், தண்ணீர் பைப், கதவு நிலை, ஜன்னல் எல்லாம் வைத்து முடிந்ததா என்று பாருங்கள். பூசிய பிறகு சுவரைக் கீறினால் கீறிய கோட்டின் நெடுகிலும் வெடிப்பு வரும். பைப் போட்ட கால்வாயை ஒன்றுக்கு மூன்று கலவையால் முந்தைய நாளே அடைத்து, மேலே கோழி வலை அடியுங்கள்.

செங்கல் சுவரில் ஜாயிண்ட் கலவை ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கீறியிருக்க வேண்டும். பூச்சு பிடித்துக்கொள்ளும் பல் அதுதான். சேலம் பக்கம் ஃப்ளை ஆஷ் (சாம்பல்) கல் நிறையப் புழங்குகிறது. அதன் முகம் செங்கல்லைவிட வழுவழுப்பு, எனவே ஜாயிண்ட் கீறாமல் விட்டால் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். கான்கிரீட் தூணையும் பீமையும் உளியால் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பொளியாக (சிறு வெட்டாக) கொத்திவிட வேண்டும். ஷட்டரிங்கில் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

கான்கிரீட்டும் கல்லும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் ஏறும்படி ஒரு அடி அகலத்துக்குக் கோழி வலை அடிக்க வேண்டும். இரண்டும் சூட்டுக்கு ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை, அந்த இழுப்பை வலை தாங்கிக்கொள்ளும். வலை சுவரோடு ஒட்டிக் கிடக்காமல் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், அப்போதுதான் அதன் பின்னாலும் கலவை புகும்.

நனைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முந்தைய நாள் சாயங்காலம் நன்றாக அடிக்க வேண்டும், பூசுவதற்கு அரை மணி முன்பு மறுபடி லேசாக. உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் சுவர் பளபளக்கக் கூடாது. காய்ந்த கல் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. தண்ணீர் மினுங்கும் சுவரிலோ கலவை வழுக்கி இறங்கும். ஏ.ஏ.சி. பிளாக்கை (காற்றறைகள் உள்ள லேசான கான்கிரீட் கல்) செங்கல் மாதிரி ஊற ஊற நனைக்காதீர்கள், மேலாகத் தெளித்தால் போதும்.

4. தூக்குப் பார்த்து புல் மார்க் வைப்பது

புல் மார்க் என்பது பூச்சின் கனத்தைக் காட்டச் சுவரில் முன்கூட்டியே வைக்கும் கலவை வில்லை. பூச்சின் நேர்த்தி முழுவதும் இந்தச் சின்னச் சின்ன வில்லைகளில் இருக்கிறது. இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

சுவரின் இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டி, சுவர் எங்கே புடைத்திருக்கிறது, எங்கே உள்வாங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மிகவும் புடைத்த இடத்தில் 10 மி.மீ. கனமாவது கிடைக்கும்படிதான் மொத்தச் சுவருக்கும் கனம் தீர்மானிக்க வேண்டும். பள்ளம் 20 மி.மீ.க்கு மேல் போகும் இடத்தை முந்தைய நாளே அடித்து, கீறிவிட்டுக் காயவிடுங்கள்.

மேல் வில்லையைச் சீலிங்கிலிருந்து அரை அடி இறக்கி, மூலையிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். நான்கு அங்குலச் சதுரத்துக்குக் கலவை வைத்து, அதன் மேல் உடைந்த டைல்ஸ் துண்டை அழுத்தினால் முகம் தட்டையாக நிற்கும். இப்போது தூக்குக்குண்டின் நூல் ஓடும் கட்டையை அந்தத் துண்டின் மேல் பிடித்து, குண்டைத் தரைக்கு ஒரு அடி மேலே வரை இறக்குங்கள். ஆடும் குண்டு நிற்கும் வரை பொறுங்கள். கீழ் வில்லையின் துண்டு குண்டை உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். நடுவில் ஒரு தாள் புகுகிற சந்து இருந்தால் சரி. குண்டு துண்டின் மேல் சாய்ந்து கிடந்தால் கீழ் வில்லை வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் அழுத்துங்கள். காற்று அடிக்கும் இடத்தில் குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் ஆட்டம் நிற்கும், நூலை வைத்து அளந்துகொள்ளலாம்.

இரண்டு மூலையும் முடிந்ததும் நூல் கட்டி நடு வில்லைகளை வையுங்கள். வில்லைக்கு வில்லை ஐந்தடி இருந்தால் ஆறடி மட்டப்பலகை இரண்டிலும் உட்காரும். ஏழடி தள்ளி வைத்துவிட்டுப் பலகை எட்டவில்லை என்று கண்ணால் இழுப்பவர்களின் சுவரில் தொப்பை விழும். பக்கத்துச் சுவருக்குப் போகும் முன் மூலமட்டம் பாருங்கள். மூன்றடி, நான்கடி அளந்து குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. டைல்ஸ் ஒட்டுகிறவரிடம் கேளுங்கள், மூலை கோணினால் கடைசி வரிசை எப்படிக் கோணும் என்று சொல்வார்.

வில்லைகள் ஒரு இரவு காய வேண்டும். அன்றே பூசினால் பலகை அவற்றை அமுக்கிவிடும்.

5. கலவையை அடிப்பது

பழகுவதற்கு நான்கடிக்கு நான்கடிச் சுவர் போதும். சிமெண்ட் இல்லாமல் சுண்ணாம்பும் மணலும் கலந்த கலவையில் பழகுங்கள். சீக்கிரம் இறுகாது, சுரண்டி எடுத்து மறுபடி அடிக்கலாம். சுண்ணாம்பும் தோலையும் கண்ணையும் சுடும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் இதற்கும் உண்டு.

கான்கிரீட் முகத்தில் மட்டும் முதலில் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி, அது காய்வதற்குள் கலவை அடிக்க வேண்டும். காலையிலேயே சுவர் முழுக்க சிமெண்ட் பால் அடித்து வைத்துவிட்டால் அது காய்ந்து ஏடாக நின்று, கலவையை ஒட்டவிடாமல் பிரிக்கும்.

சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு காலை முன்வைத்து நில்லுங்கள். கரண்டியில் முக்கால் அளவு எடுங்கள். தோளால் வீசினால் பாதி தரைக்குப் போகும், அரை நாளில் கையும் ஓய்ந்துவிடும். முழங்கை கொண்டு போக, கடைசி நொடியில் மணிக்கட்டு திரும்ப வேண்டும். நன்றாக விழுந்த கலவை ‘சப்’பென்று ஒட்டி, ஓரம் விரிந்து நிற்கும். வேகத்தோடு அடிப்பதற்குக் காரணம் உண்டு: கல்லுக்கும் கலவைக்கும் நடுவில் உள்ள காற்று வெளியேறி, கீறிய ஜாயிண்டுக்குள் கலவை இறங்க வேண்டும். கரண்டியால் மெதுவாக அப்பினால் காற்று உள்ளேயே தங்கி, அந்த இடம் பொக்காகும்.

சாரத்தின் மேல் நின்று மேல் பாதியை முடித்துவிட்டுத்தான் கீழ்ப் பாதிக்கு வர வேண்டும். சுவரடியில் தகரமோ பலகையோ போட்டு வையுங்கள். சுத்தமாக விழுந்த கலவையை உடனே எடுத்து அடிக்கலாம், மண்ணோடு கலந்ததைத் தொடாதீர்கள்.

6. மட்டப்பலகை இழுப்பது

முதலில் வில்லைக்கு வில்லை மேலிருந்து கீழாக ஒரு பட்டை பூசி, வில்லை மட்டத்துக்குச் சீவுங்கள். பிறகு பட்டைகளுக்கு நடுவே நிரப்பி, பலகையை இரண்டு பட்டையிலும் ஊன்றிக் கீழிருந்து மேலாக, இடவலமாக அசைத்தபடி இழுங்கள். நேராக இழுத்தால் கலவை பெயர்ந்து பலகையோடு வரும். இழுத்ததும் தெரியும் பள்ளங்களில் மறுபடி அடித்து மறுபடி இழுங்கள், இரண்டு மூன்று முறை ஆகும்.

பலகையைத் திருப்பிக் குறுக்காகவும் மூலைவாட்டாகவும் வைத்துப் பாருங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக் கூடாது. டைல்ஸ் துண்டுகளை எடுத்துவிட்டு அந்தக் குழிகளையும் அப்போதே அடைத்துவிடுங்கள்.

7. மணியாஸ் கட்டை

இழுத்த உடனே தேய்க்கக் கூடாது. விரலை அழுத்தினால் தடம் விழ வேண்டும், கலவை விரலில் ஒட்டக் கூடாது. அந்த நேரம்தான் நேரம். ஏப்ரல், மே மாதத்தில் மேற்குச் சுவரில் இது கால் மணியில் வந்துவிடும், மழைக்காலத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகும். முன்னால் தேய்த்தால் சிமெண்ட் பால் மேலே ஏறி, காய்ந்தபின் வலை வலையாக வெடிக்கும். பின்னால் தேய்த்தால் மணல் உதிரும்.

கட்டையை வட்டமாகச் சுழற்றுங்கள், காய்ந்த இடத்தில் பிரஷ்ஷால் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் கூடிவிட்டது என்று காய்ந்த சிமெண்ட்டைச் சுவரில் தூவுகிற வழக்கத்தை எந்த மேஸ்திரி சொன்னாலும் பழகாதீர்கள். மேல்தோல் மட்டும் கெட்டியாகி, உள்ளேயிருக்கும் பூச்சோடு சேராமல் வெடிக்கும். மேலே புட்டி வரப்போகிறது என்றால் கட்டையோடு நிறுத்துங்கள், நீரு (மேலே இழுக்கும் மெல்லிய வழவழப்புப் பூச்சு) பூச வேண்டாம். டைல்ஸ் வரும் குளியலறைச் சுவரைத் தேய்க்கவே வேண்டாம், கீறி விடுங்கள்.

8. மூலை, ஓரம், நிறுத்தும் இடம்

தூண் ஓரத்துக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் நேரான ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பூசுங்கள். அது இறுகியதும் ரீப்பரை மாற்றிப் பிடித்து முதல் பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் பூசினால் ஓரம் நொறுங்கும். சன்ஷேடின் அடியில், விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே நீர்வடி வெட்டு விடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் அடிப்பக்கமாக ஓடிச் சுவருக்கு வந்துவிடும்.

அன்றைய வேலையை மூலையில் நிறுத்தாதீர்கள். மூலையிலிருந்து 15 செ.மீ. தள்ளி, சுவரின் உடம்பிலேயே ஓரத்தை நேராக வெட்டி நிறுத்துங்கள். மறுநாள் அந்த ஓரத்தைச் சுரண்டி, நனைத்து, சிமெண்ட் பால் தொட்டுத் தொடர வேண்டும்.

9. சீலிங்கும் வெளிச்சுவரும்

அறையில் சீலிங்தான் முதலில், பிறகு சுவர். சீலிங் கலவை சிந்திப் பூசிய சுவரைக் கெடுக்கக் கூடாது. சீலிங்குக்கு 6 முதல் 8 மி.மீ. போதும். கனம் கூடினால் தன் எடையிலேயே பெயர்ந்து விழும். சுவரில் கை படியாமல் சீலிங்குக்குப் போகாதீர்கள்.

வெளிச்சுவருக்கு மொத்தம் 20 மி.மீ., இரண்டு பூச்சாக. முதல் பூச்சு 12 மி.மீ. அடித்து அலை அலையாகக் கீறி, ஒரு நாளாவது நீர் காட்டி வைத்துவிட்டு இரண்டாவது பூச்சு. ஒரே மூச்சில் 20 மி.மீ. ஏற்றினால் கலவை தொங்கி, குறுக்கே கோடாக வெடிப்பு விழும். வெயில் விழாத பக்கமாகப் பார்த்து வேலை நகர வேண்டும்: காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர்.

10. தண்ணீர் கட்டுவது

பூச்சு நன்றாக இறுகச் சுவரை ஈரமாகவே வைத்திருப்பதுதான் தண்ணீர் கட்டுவது. பூசிய மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் பத்து நாள். காலை, மதியம், சாயங்காலம் என்று கணக்குப் போடுவதைவிடச் சுவர் வெளுக்கும் முன் அடுத்த தண்ணீர் விழுவதுதான் முக்கியம். வெளிச்சுவரில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தால் ஈரம் நிற்கும். பைப்பை வேகமாகப் பீய்ச்சினால் புதுப் பூச்சின் மணல் அரித்துவிடும். உப்புக்கரிக்கும் போர் தண்ணீரைக் கலவைக்கு ஊற்றாதீர்கள். காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, பெயிண்ட் உரியும்.

11. ஏற்காட்டில் வேலை என்றால்

மலையில் ஈரம் அதிகம் என்பதால் தண்ணீர் கட்டுவது சுலபம், தேய்க்கும் நேரம் பிடிபடுவதுதான் கஷ்டம். மதியத்துக்கு மேல் அடித்த கலவை பனியில் இருட்டும் வரை இறுகாமல் நிற்கும். அதனால் பதினோரு மணிக்குள் அடித்துவிட்டு மதியம் தேய்க்கும்படி திட்டமிடுங்கள். வெளிப்பூச்சுக்குத் தார்ப்பாய் இல்லாமல் சாரம் ஏற வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் லோடு வழியில் நனைந்திருந்தால், இரண்டாம் படியில் சொன்ன மணல் உப்பும் கணக்கை மறக்காதீர்கள். சிமெண்ட் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள்.

கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய பங்களாச் சுவரில் சிமெண்ட் பூச்சு ஏற்றச் சொன்னால், சொல்கிறவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அந்தச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருப்பது. மேலே சிமெண்ட் அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி, பூச்சைத் தள்ளிவிடும். அதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் ஏற்றது.

12. தட்டிப் பார்ப்பது

பத்தாவது நாள் சுவரைக் கரண்டிப் பிடியால் அரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பிடித்திருக்கிறது. ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தைப் பென்சிலால் வட்டம் போடுங்கள். வட்டம் கான்கிரீட் மேல் விழுந்தால் கொத்துப் போதவில்லை அல்லது சிமெண்ட் பால் காய்ந்துவிட்டது. கல் மேல் விழுந்தால் தூசியோ காய்ந்த சுவரோ காரணம். பீமுக்கு அடியில் நேர்கோடாக வெடித்தால் வலை இல்லை. வலை வலையான முடிவெடிப்பு என்றால் ஏழாம் படிக்குப் போங்கள், தேய்த்த நேரத்தைப் பாருங்கள்.

பொக்கு உள்ள இடத்தை மேலே புட்டி வைத்து மறைக்காதீர்கள். கட்டிங் மெஷினால் சதுரமாக வெட்டி, கல் தெரியும் வரை எடுத்து, ஜாயிண்ட் கீறி, நனைத்து, அதே விகிதக் கலவையால் அடைத்து, மறுபடி ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள்.